மோர் ஊற்றிய கை

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் எனக்குக் கயிறு, தார்ப்பாய் விற்கிற கடை. அத்தா வைத்துவிட்டுப் போனது. அந்தத் தெருவில் ஒரு லாட்ஜையும் இரண்டு டீக்கடையையும் என் கடையையும் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் பிராந்திக்கடைகள். கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் பார்க்கிற ஊர் வேறு, நான் ஷட்டரைத் தூக்கும்போது பார்க்கிற ஊர் வேறு. விழுப்புரம் பக்கத்திலிருந்தும் கடலூர் பக்கத்திலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, மத்தியானத்துக்குள் கால் தரையில் நிற்காமல் போய், என் கடை வாசலில் சரிந்து கிடப்பார்கள். சிலர் செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் விழுந்திருப்பார்கள். எல்லாரையும்போல நானும் அவர்களைத் தாண்டிப் போகப் பழகியிருந்தேன்.

தாண்டாமல் குனிகிற ஒருவர் இருந்தார். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் திருச்சியில் கட்டிக்கொடுத்த இடத்தில். அரியாங்குப்பத்தில் தனியாக இருந்தார். என்னைவிட மூத்தவர், அதனால் நான் அண்ணே என்பேன். அவர் என்னை பாய் என்பார். மாமிசம் தொடமாட்டார். அவர் வீட்டில் சாமி படம் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணாடிக்குள் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

சித்திரை பிறந்ததும் என் கடைக்கு எதிரே மோர்ப் பந்தல் போடுவார். தார்ப்பாய் என்னுடையது, மற்றதெல்லாம் அவருடையது. விடிவதற்கு முன்பே தயிர் கடைந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, ஆட்டோவில் பானைகளை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு கட்சிக்காரர் வந்து பந்தலுக்கு பேனர் வைத்துத் தருவதாகச் சொன்னபோது கும்பிட்டு அனுப்பிவிட்டார். “பேர் போட்டா நான் குடுக்குறது எனக்கே திரும்பி வந்துடும் பாய். இது எனக்குப் பூசை. பூசையில எவனாவது பேனர் வப்பானா?” என்றார். மூட்டை தூக்குகிறவருக்கும் போலீஸ்காரருக்கும் ஒரே டம்ளர்தான். குடித்துவிட்டு வருகிறவர்களை மற்ற பந்தல்காரர்கள் விரட்டுவார்கள். இவர் மட்டும் “வாங்க, மொதல்ல நிழல்ல உக்காருங்க” என்பார்.

அந்த வருடம் வெயில் தாங்கவில்லை. ஒரு மத்தியானம், முப்பத்தைந்து நாற்பது வயசு இருக்கும் ஒருவர், லாட்ஜ் வாசலிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தார். குப்புற விழுந்தவர் அசையவில்லை. நான் ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தேன். அண்ணன் ஓடிப்போய் அவரைப் புரட்டி, நிழலுக்கு இழுத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தார். பிறகு ஒரு டம்ளர் மோரை எடுத்து, “குடிங்க, ஒண்ணுமில்ல, குடிங்க” என்று சொல்லிச் சொல்லி வாயில் ஊற்றினார்.

அந்தச் சத்தத்தை நான் கடையிலிருந்தே கேட்டேன். வாளியில் தண்ணீர் மொள்ளும்போது வருமே, அதுபோல ஒன்று, ஆனால் மனிதத் தொண்டையிலிருந்து. அவர் உடம்பு ஒருமுறை விறைத்தது. உதடு நிறம் மாறியது. அண்ணன் முதுகைத் தட்டினார், நெஞ்சைத் தேய்த்தார், என்னைப் பார்த்துக் கத்தினார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அது வருவதற்குள்ளேயே எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கூடவே ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

டியூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பார்த்துவிட்டு வெளியே வந்து, “வாயில எதனா ஊத்துனீங்களா?” என்று கேட்டார்.

“நான்தாம்மா ஊத்துனேன். மோர்,” என்றார் அண்ணன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நினைவில்லாம கெடக்கறவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாதுங்க. வயித்துக்குப் போவாது, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கணும்,” என்றார்.

“அப்படி வச்சிருந்தா பொழச்சிருப்பாராம்மா?”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். “உறுதியாச் சொல்ல முடியாது. பொழச்சிருக்கலாம்,” என்றார்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் அண்ணன் அதையே சொன்னார். அவர் பேனாவை மூடிவிட்டு, “பெரியவரே, தெனம் நாலு பேரு விழுறான். நீங்க நல்லது பண்ணப் போனீங்க. வூட்டுக்குப் போயி குளிச்சிட்டுப் படுங்க,” என்று எங்களை அனுப்பிவிட்டார். இறந்தவர் சேதராப்பட்டுப் பக்கத்துக் கிராமம், அங்கே ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்து நின்றுபோனவர், மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள் என்பது மட்டும் அங்கே தெரிந்தது.

மறுநாள் பந்தல் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் அரியாங்குப்பத்துக்குப் போய்ப் பார்த்தேன். பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

“இத்தன வருசமா நான் செஞ்சது பூசையா பாய், இல்ல எனக்கு நானே காட்டிக்கிட்ட வேடிக்கையா? ஒருத்தன் விழுந்து கெடக்கான். அவனுக்கு என்ன வேணும்னு நான் பாக்கல. எங்கிட்ட என்ன இருக்குன்னு பாத்தேன். எங்கிட்ட மோர் இருந்துச்சு.”

எங்கள் பள்ளிவாசலில் நிய்யத்தைப் பற்றி நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எண்ணம் சுத்தமாக இருந்தால் அதற்கான கூலி உண்டு என்பார்கள். அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

“நீங்க சொல்ற கூலி எனக்கு வந்துடுச்சுன்னே வச்சுக்குங்க,” என்றார். “அவனுக்கு என்ன வந்துச்சு?”



அவர் ஒரே முடிவாக இருந்தார். அந்த வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, காலில் விழ வேண்டும். என்னையும் கூட வரச் சொன்னார். நான் வீட்டில் போய் என் மனைவியிடம் சொன்னேன். எங்கள் தெருவில் பெண்கள் யாராவது மவுத்தானால் மய்யித்தைக் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகப் போகிறாள். உடம்பில் என்ன தழும்பு இருந்தது, என்ன காயம் இருந்தது என்று வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டால்கூட, “தண்ணி ஊத்திட்டு வந்தேன்” என்று மட்டும்தான் சொல்வாள்.

அவள் என்னோடு அரியாங்குப்பத்துக்கு வந்து நேராக அண்ணனிடமே கேட்டாள். “அண்ணே, தப்பா நெனக்காதீங்க. நீங்க போயி சொல்றது அந்தப் பொண்ணுக்காகவா, உங்களுக்காகவா? நீங்க சொல்லிட்டு அழுதுட்டு வந்துடுவீங்க, உங்க நெஞ்சு லேசாயிடும். காப்பாத்த வந்தவன் கையாலதான் புருசன் செத்தான்னு ஆயுசுக்கும் நெனச்சிக்கிட்டுக் கெடக்கப்போறது அவ. உங்க மூட்டைய எறக்கி வெக்க அவ தலைதான் கெடச்சுதா?”

அண்ணன் கவிழ்த்த பானை ஒன்றை நகர்த்தி வைத்தார். பிறகு, “நீ சொல்றது சரிதாம்மா. ஆனா போவாமயும் இருக்க முடியல,” என்றார்.

“போவலாம். நானும் வர்றேன். மொதல்ல பாப்போம். வாயத் தொறக்கறது அப்புறம்.”

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் போனோம். சிமென்ட் ஷீட் போட்ட வீடு. இறந்தவரின் அக்கா வாசலில் இருந்தார். அவர் விழுந்த இடத்தில் கடை வைத்திருக்கிறோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நாங்கள்தான் என்று சொன்னதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மனைவி உள்ளே சுவரோரம் இருந்தாள். எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வாயைத் திறக்கவில்லை.

அக்காதான் பேசினார். அவள் காதில் விழட்டும் என்றே பேசினார். “அன்னிக்குக் காலையில சண்டை. வேலைக்குப் போவாம குடிக்கப் போறான்னு. எந்த வூட்லதான் சண்டை இல்ல? ஆனா இவ சொன்னத கேட்டீங்களா? ‘போற எடத்துலயே வாயப் பொளந்துகிட்டு செத்துத் தொல’ன்னு சொன்னா. தெருவே கேட்டுச்சு. அப்படியே வாயப் பொளந்துகிட்டுப் போயிட்டான் எந்தம்பி. கருநாக்கு. போன வருசம் எங்க பசுவ வஞ்சா, அது கன்னு போட முடியாம செத்துச்சு. நாங்க அப்பவே முழிச்சிருக்கணும்.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் மறுக்கவில்லை, அழவும் இல்லை. இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அதுவே வழக்கமாகிவிட்டதுபோல் உதட்டோரத்தில் புண்ணாகியிருந்தது.

கிளம்பும்போது மகள் தெருமுனைவரை வந்தது. பிளஸ் ஒன் சேரப்போகிற பெண். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா பேசறதே இல்லங்க. தலை பின்னி விடுது, சோறு போடுது, ஒரு வார்த்தை பேசாது. நான் கேட்டா கைய காட்டுது. பேசுனா எனக்கு எதனா ஆயிடுமாம். எங்க அத்தகிட்ட எழுதிக் காட்டிச்சாம்,” என்றது.

திரும்பும்போது பஸ் ஏறும் இடத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றோம்.  என் மனைவிதான் ஆரம்பித்தாள். “அண்ணே, இப்ப சொல்லித்தான் ஆவணும்.”

அண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.  “நேத்துவரைக்கும் எப்ப சொல்லுவோம் எப்ப சொல்லுவோம்னு இருந்துச்சும்மா. இப்ப காலு நடுங்குது,” என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, “நீ கேட்டது இதத்தான. நேத்து நான் எனக்காகத்தான் துடிச்சிருக்கேன்,” என்றார்.

“அவகிட்ட தனியாச் சொல்லிப் பிரயோசனம் இல்ல,” என்றாள் அவள். “அவ நாக்கக் குத்தம் சொன்னவங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லணும். காலுல வுழாதீங்க. மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா அவ உங்களப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும். நடந்தத மட்டும் சொல்லுங்க.”

“அடிச்சா?” என்று நான் கேட்டேன்.

“அடிப்பாங்க,” என்றார் அண்ணன்.

காரியத்தன்று போனோம். பந்தல் போட்டிருந்தார்கள், சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், படையல் முடிந்து இலை போடுகிற நேரம். என் மனைவி பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டாள். அண்ணன் பந்தலுக்கு நடுவில் போய், கும்பிடக்கூட இல்லை, கைகளைத் தொங்கவிட்டபடி நின்று, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

“எல்லாரும் கேக்கணும். இந்த வூட்டுப் பிள்ள குடிச்சதால சாவல. யாரு சொல்லாலயும் சாவல. மயங்கி விழுந்தாரு. நான் அவர மல்லாத்தி, வாயில மோர் ஊத்துனேன். அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுச்சு. அதாலதான் உயிர் போச்சு. ஊத்தாம இருந்திருந்தா பொழச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. இந்தக் கையாலதான் ஊத்துனேன்.”

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு இறந்தவரின் பங்காளி ஒருவர் எழுந்து வந்து அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். அண்ணன் விழுந்து எழுந்தார். இன்னொருவர் கன்னத்தில் அடித்தார். மூக்குக்கண்ணாடி தெறித்துப் போனது. நான் குறுக்கே போனபோது எனக்கும் தோளில் விழுந்தது. யாரோ போலீஸைக் கூப்பிடச் சொன்னார்கள், யாரோ வேண்டாம் என்றார்கள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அவள் வந்துவிட்டாள். ஆட்கள் தானாக விலகினார்கள்.

“என் புருசன் வாயில நீயா ஊத்துன?”

குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது. அத்தனை நாள் பேசாத குரல்.

“ஆமாம்மா.”

“அவரு கண்ணத் தொறந்திருந்தாரா?”

“இல்லம்மா.”

அவள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். “கேட்டுக்கினியா?” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அந்த அக்கா அப்படியே பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை நிம்மதியாக எழுதியிருப்பேன். அவள் மறுபடி அண்ணன் பக்கம் திரும்பினாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. “நீ நல்லாருப்பியா? நல்லவன் வேசம் போட்டுக்கினு தெருவுல ஒக்காந்து எங்குடிய கெடுத்தியே! வர்ற தை நீ தாண்டமாட்டடா. உன் வாயிலயும் எவனாவது ஊத்தித்தான் நீ போவ. பாத்துக்கினே இரு!”

பந்தல் சட்டென்று அடங்கியது. ஒரு கிழவி, “சொல்லிட்டா. கருநாக்குக்காரி சொல்லிட்டா,” என்று முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. அவளுக்கும் விழுந்தது. சொன்னது தன் வாய்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தைத்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் அந்த நேரத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டது.

நாங்கள் வந்துவிட்டோம். பஸ்ஸில் அண்ணனின் உதடு வீங்கியிருந்தது. கண்ணாடி இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க முயன்றுகொண்டிருந்தார். அரியாங்குப்பம் பாலம் வந்தபோது, “பாய், நான் தை வரைக்கும் இருந்தாகணும்,” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“நான் நடுவுல போயிட்டேன்னு வைங்க, அவ கதை முடிஞ்சுது. புருசன் மோரால செத்தான்னு இன்னிக்கு ஒத்துக்கினவங்க, நாளைக்கு என்னக் காட்டி ‘பாத்தியா, அவ நாக்கு’ம்பாங்க. அவளே நம்பிடுவா. மறுபடி வாய மூடிப்பா. அவ பொண்ணு என்னாவும்?”

அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது. அதுவரை மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. ‘விளக்கு எரியிறவரைக்கும் எரியும்’ என்பார். அன்றிலிருந்து ஆள் மாறினார். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கினார். அரிசியைக் குறைத்தார். விடிந்ததும் கடற்கரை ரோட்டில் வேர்க்க வேர்க்க நடந்தார். பக்கத்துத் தெருவுக்கு வண்டி எடுத்தால்கூட ஹெல்மெட் போட்டார். மழையில் நனையமாட்டார். கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகமாட்டார்.

நடந்தது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. அவர் நல்லபடியாக நடந்து போவதைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசினார்கள். டீக்கடையில் ஒருவர் அவர் காதுபடவே, “ஒருத்தன அனுப்பிட்டு இவரு வாக்கிங் போறாரு பாரு. உடம்பு மேல எவ்ளோ ஆசை!” என்றார். நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துவிட்டார். “உள்ளத சொன்னா அது சுத்தி அவ காதுக்குப் போவும். அவளுக்காக ஒருத்தன் உசுர புடிச்சிக்கினு இருக்கான்னு தெரிஞ்சா அது அவளுக்கு இன்னொரு சுமை. வுடுங்க, ஆசைன்னே இருக்கட்டும்.”

மோர்ப் பந்தல் போட்ட நாளில் தெருவே அவரைக் கும்பிட்டது. அப்போது அவர் பேனர் வேண்டாம் என்றது பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். கெட்ட பேரோடு, விளக்கம் சொல்லாமல், வேளாவேளைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு ஒரு மனிதர் உயிரோடிருந்ததைப் பார்த்த பிறகு, பேனர் வேண்டாம் என்பது சுலபம் என்று தெரிந்தது.

இன்னொன்றும் செய்தார். விழுந்து கிடக்கிறவர்களிடம் மறுபடி போனார். அந்த டாக்டரம்மாவையே தேடிப்போய், என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டார். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, மேல் காலை மடக்கிவிடுவது, வாயைத் துடைத்துவிடுவது, மூச்சைக் கவனிப்பது, போன் செய்வது. எனக்கும் கற்றுக்கொடுத்தார். சிலர் எழுந்து எங்களைத் திட்டிவிட்டு நடந்து போனார்கள். இரண்டு பேர் நாங்கள் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார்கள். அண்ணன் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றும் ஊற்றமாட்டார், ஒன்றும் சொல்லமாட்டார்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்து, அந்த மாதமும் முடிந்தது. அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சேதராப்பட்டுக்குப் போனார். அந்தத் தெருவுக்குள் போகவில்லை. அங்கே ஆட்கள் கூடுகிற டீக்கடையில் போய் நின்று, சத்தமாக டீ சொன்னார். காரியத்தன்று அவரை அடித்தவர் அங்கே இருந்தார். அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னும் இருக்கியா நீ?” என்றார்.

“இருக்கேன்,” என்றார் அண்ணன். “நல்லாத்தான் இருக்கேன்.”

டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டோம். அதற்குப் பிறகும் அவ்வப்போது போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவார்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் போய்விட்டது. விழுங்க முடியவில்லை, மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். பேச்சு குழறினாலும் நினைவு தெளிவாக இருந்தது. என்னைக் குனியச் சொல்லி இரண்டு விஷயம் சொன்னார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டக்கூடாது. கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றக்கூடாது.

போஸ்டருக்கு, திருச்சியிலிருந்து வந்திருந்த அவர் மகள் உடனே சரி என்றது. பாலுக்குத்தான் அழுதது. பெற்ற தகப்பன் வாயில் கடைசியாக ஒரு சொட்டுப் பால் விடாத மகள் என்று ஆயுசுக்கும் பேச்சு வரும், தனக்கே மனசு ஆறாது என்றது. எதற்காக என்று நான் அதனிடம் விளக்கிச் சொல்லவில்லை. “அவரு கேட்டதும்மா,” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஈரப் பஞ்சால் தகப்பன் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தது. ஒரு சாயங்காலம் மூச்சு நின்றது. மழை பெய்துகொண்டிருந்தது. சாவுக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து நானும் என் மனைவியும்தான் போயிருந்தோம்.

பிறகு பல மாதம் கழித்து சேதராப்பட்டிலிருந்து அந்தப் பெண், இறந்தவரின் மனைவி, கடைக்கு வந்தாள். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. மகளைக் காலேஜில் சேர்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். நர்சிங் கிடைத்திருக்கிறதாம். மகள் பின்னால் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது. “சத்தமாப் பேசாதடி, கடைக்கு வந்திருக்கோம்,” என்று இவள் திரும்பி அதட்டினாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு, “அந்த ஆளு இருக்காரா?” என்று கேட்டாள்.

யாரை என்று நான் கேட்கவில்லை. என் மார்க்கத்தில் பொய் எத்தனை பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் மாத்திரை மாத்திரையாக விழுங்கி நடந்த நடையெல்லாமும் தெரியும்.

“மகள் வூட்டுக்குத் திருச்சி போயிட்டாரும்மா. அங்கயே இருக்காரு.”

“நல்லாருக்காரா?”

“நல்லாருக்காரு.”

 மன்னித்துவிட்டதாகச் சொல்வாள், இல்லையென்றால் அவரிடம் ஏதாவது சொல்லச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. “சரி,” என்று சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். பொய் சொன்னதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. “நீங்க சொன்னத நம்புனாளா? அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். அந்தப் பெண் அவரைப் பற்றிக் கேட்டதிலிருந்து போகிறவரைக்கும் நான் அறுந்த ஒரு கயிற்று நுனியை முடிந்துகொண்டு குனிந்தே இருந்தேன்.